தைரியப் பகடை

பகடைக் கோப்பையைக் குலுக்கிக்கொண்டிருந்தவள் பாதியில் கையை நிறுத்தினாள். உள்ளறையிலிருந்து வந்துகொண்டிருந்த மூச்சுச் சத்தம் நின்றுபோயிருந்தது.

ஆக்ஸிஜன் மெஷின் மட்டும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஜெனரல், ஆற்றைக் கடக்கவிருந்த ஒரு குதிரைக்காரனை இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்தபடி அப்படியே உறைந்துவிட்டார். இரண்டு பேரும் திறந்திருந்த அறைக்கதவையே பார்த்தார்கள். பிறகு, ஆழமான கிணற்றிலிருந்து வாளி மேலேறி வருவதுபோல, தட்டித் தடுமாறி அந்த மூச்சு திரும்பி வந்தது.

"வந்துடுச்சு," என்றார் ஜெனரல்.

"எனக்கும் காது இருக்கு, தம்பி."

கோப்பைக்குள் பகடைகள் கிடுகிடுவென்று சத்தமிட்டன. அவள் குலுக்கவில்லை. 

காலையில் நர்ஸ் வந்து அவளுடைய கணவரின் நாடியைப் பார்த்துவிட்டு, அவளை வாசல்வரை கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லியிருந்தாள். "இன்னிக்கோ நாளைக்கோதாம்மா. மூச்சுக்கு மூச்சு இடைவெளி நீண்டுக்கிட்டே போகும். அவருக்கு வலி இருக்காது. நீங்க பயப்படாதீங்க." அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் அந்தப் பெண் சொல்லாமல் இருந்திருக்கலாம். அதுவரை அவளுக்கு வருத்தம்தான் இருந்தது. அதற்குப் பிறகு பயம் உள்ளே வந்து, வயிற்றில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

மகளுக்குப் போன் செய்தாள். மகள் உடனே கிளம்பிவிட்டாள். ஆனால் ரயில் சாயங்காலம்தான் வந்துசேரும். "அதுவரைக்கும் அப்பாவப் பாத்துக்கம்மா," என்றாள் மகள், அடுப்பில் வைத்த பாலைப் பார்த்துக்கொள்ளச் சொல்வதைப்போல.

எப்படிப் பார்த்துக்கொள்வது? கட்டிலருகே உட்கார்ந்தால் ஒவ்வொரு மூச்சுக்கும் அவளுடைய மூச்சும் நின்று நின்று வந்தது. இடைவெளி நீளும்போதெல்லாம் எழுந்து ஓடிவிடலாம் என்று கால்கள் பரபரத்தன. அந்தச் சமயத்தில்தான் அவர் கண்ணைத் திறந்து, "அந்தச் செருப்புக் கடைக்காரன வரச் சொல்லு. ஆட்டம் பாதில நிக்குது," என்றார்.

செருப்புக் கடைக்காரர்தான் ஜெனரல். தன் கடைப் பையன்கள்கூடச் சொன்ன பேச்சைக் கேட்காத மனிதர். ஆனாலும் முன்கூடத்து மேசையில் ஒரு முழுப் பட்டாளம் அவர் விரலசைவுக்குக் காத்திருந்ததால் அவருக்கு அந்தப் பெயர்.

மேசை என்று சொல்வது பழக்கதோஷம். யாரோ வீட்டை இடித்தபோது வாங்கிவந்த கனமான பழைய கதவு அது. அவளுடைய கணவர் அதை இரண்டு மரக்கால்களின்மேல் படுக்கப்போட்டிருந்தார். முன்கூடத்தில் முக்கால் பங்கை அது விழுங்கியிருந்தது. வாசலிலிருந்து உள்ளே வருகிறவர்கள் வயிற்றை எக்கிக்கொண்டுதான் வரவேண்டும். "வீட்டுக்குக் கதவு வைப்பாங்க. கதவுக்குள்ள வீடு வச்சிருக்கற ஆள நான் இங்கதான் பாத்தேன்," என்று அவள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அவர் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

கதவின் நடுவில் நீலச் சாயம் பூசிய ஆறு. அதன்மேல் ஐஸ் குச்சிகளால் கட்டிய பாலம். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கோட்டை. கணவர் பல் செட் செய்கிறவர். கோட்டைச் சுவர் பல் அச்சு எடுக்கும் பிளாஸ்டரில் எழும்பியது. விரல் நீளம்கூட இல்லாத வீரர்களை ஈயத்தில் வார்த்து, பல்லுக்கு நிறம் கொடுக்கிற மெல்லிய தூரிகையால் முகம் வரைந்தார். அக்கரையில் நிற்கிறவர்கள் கப்பலேறி வந்து நாடு பிடித்தவர்களின் சிவப்புச் சட்டைப் படை. அது ஜெனரலுடையது. இக்கரையில் கோட்டையைக் காக்கிற மலைக்காரர்கள் கணவருடையவர்கள். பகடை உருட்டுகிற கோப்பைகூட, பல் டாக்டரின் கிளினிக்கில் நோயாளிகள் வாய் கொப்பளித்த பழைய எவர்சில்வர் கோப்பை.

கல்யாணமான நாளிலிருந்து இந்த மேசையைச் சுற்றித் தூசி தட்டியிருக்கிறாளே தவிர, அவள் ஒரு வீரனைத் தொட்டதில்லை. இன்றைக்குத்தான், எழுந்து உட்காரக்கூட முடியாத அவர், "நீ என் கை. நான் சொல்றத அங்க போய்ச் செய், அங்க நடக்கறத இங்க வந்து சொல்லு," என்றார்.

அவள் சந்தோஷமாக ஒத்துக்கொண்டாள். அந்தச் சந்தோஷத்துக்கு இரண்டு காரணங்கள். ஒன்று, ஒவ்வொரு தடவையும் அறையைவிட்டு வெளியே வர ஒரு சாக்குக் கிடைத்தது. இன்னொன்றை அவள் யாரிடமும் சொல்லவில்லை. எடுத்த வேலையைப் பாதியில் விடுகிற மனிதரில்லை அவர். கடைவாய்ப் பல் ஒன்று பாக்கி இருந்தால் சாப்பிடக்கூட எழுந்துவர மாட்டார். அப்படியானால் ஆட்டம் முடிகிறவரை போகமாட்டார். ஆட்டத்தைச் சாயங்கால ரயில்வரை இழுத்துவிட்டால் போதும்.

இழுப்பது அப்படி ஒன்றும் சுலபமில்லை என்று முதல் சுற்றிலேயே தெரிந்துபோயிற்று.

"பாலத்துல நிக்கறவங்கள்ல பாதிப்பேர் விழுந்துட்டாங்க, அண்ணி," என்றார் ஜெனரல், தயங்கித் தயங்கி. "இப்ப மிச்சப்பேருக்குத் தைரியப் பகடை போடணும்."

"அப்படின்னா?"

"நிக்கறாங்களா, ஓடறாங்களான்னு பாக்கறது. ரெண்டு பகடையும் சேத்து எட்டோ அதுக்கு மேலயோ விழணும். கம்மியா விழுந்தா பாலத்த விட்டுட்டு ஓடுவாங்க. பாலம் போச்சுன்னா கோட்டை போச்சு."

"உங்க ஆளுங்களுக்கும் எட்டா?"

ஜெனரல் நெளிந்தார். "எங்களுக்கு அஞ்சு போதும். விதிப் புத்தகத்துல அப்படித்தான் இருக்கு."

"எழுதினவன் எந்தச் சட்டை போட்டிருந்தான்?"

"சிவப்புதான்."

"நெனச்சேன்," என்று சொல்லிவிட்டுக் கோப்பையைக் கவிழ்த்துத் தூக்கினாள். மூன்றும் இரண்டும். ஐந்து.

 உள்ளே மூச்சு இழுத்தது, விட்டது, காத்திருந்தது. அவள் சுட்டுவிரலால் ஒரு பகடையைத் திருப்பி ஆறாக்கினாள். இன்னொன்றை நாலாக்கினாள். அவள் வேலை பார்க்கும் துணிக்கடையில் சட்டைக் கை நீளத்தைக் குறைத்துத் தைக்கும்போது பழைய தையல் தெரியாமல் மடிப்பது அவளுக்குக் கைவந்த கலை. இதுவும் அதுபோலத்தான் என்று எண்ணிக்கொண்டாள்.

"அண்ணி..."

"பத்து," என்றாள் அவள், அவர் கண்ணை நேராகப் பார்த்து.

ஜெனரல் அறைக்கதவைப் பார்த்தார். பகடைகளைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "பத்துதான். பத்தேதான். நல்லாத் தெரியுதே."

அன்றைய மத்தியானம் முழுக்க மலைக்காரர்கள் ஓடவே இல்லை. இப்படியொரு வீரத்தை அந்தக் கதவு இதுவரை கண்டதில்லை. ஜெனரலும் தன் பங்குக்குக் குதிரைகளை ஆற்றோரமாக அங்குமிங்கும் உலவவிட்டார். பீரங்கிகளைத் தப்பான திசையில் திருப்பினார். முன்னேற வேண்டிய இடத்தில் பின்வாங்கினார். அவள் ஒவ்வொரு செய்தியையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கட்டிலின் கால்மாட்டிலேயே நின்று சொன்னாள். பதில் கிடைத்த மறுநொடி வெளியே வந்தாள். உள்ளே இருந்தால் மூச்சைக் கவனிக்கத் தோன்றியது. வெளியே வந்தால் காதைத் தீட்டிக்கொள்ளத் தோன்றியது. இரண்டில் வெளியே தேவலை. இங்கே சத்தம் மட்டும்தான். அங்கே உலர்ந்த உதடும், மூக்கில் செருகிய குழாயும், போர்வைமேல் எதையோ தேடுகிற விரல்களும் இருந்தன.

ஒரு தடவை, பாலத்தில் நின்ற ஒரு மலைக்காரனைக் கையிலெடுத்துப் பார்த்தாள். சிவப்புச் சட்டைக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே முகம். மலைக்காரர்களுக்கு ஆளுக்கொரு முகம். இவனுக்குத் தூக்கம் கெட்ட கண்கள். திருப்பினாள். முதுகில், சட்டைக் கிழிசலின்மேல் ஒட்டுப்போட்டு, ஒட்டைச் சுற்றி மயிரிழையாய்த் தையல்கூட வரைந்திருந்தது. குறுக்குத் தையல். அவள் போடுகிற தையல்.

"முதுகுல யாரு பாக்கப்போறாங்கன்னு இதெல்லாம்?" என்றாள்.

"ஓடறப்ப முதுகத்தானே காட்டிட்டு ஓடுவாங்க, அண்ணி," என்றார் ஜெனரல். "ஓடறவன திருப்பி வைக்கணும்ல. அப்பத் தெரியறதுக்குத்தான். நான் ஒருநாள் கேட்டேன், ஏண்ணே எப்பப் பாத்தாலும் தோக்கற கட்சியவே எடுக்கறீங்கன்னு. பயமே தெரியாதவன வச்சுக்கிட்டு என்னடா வெளயாடறதுன்னு கேட்டாரு."

அவள் அந்த வீரனை இருந்த இடத்திலேயே வைத்தாள். முகம் அக்கரையைப் பார்க்க.

போன் அடித்தது. மகள். "வண்டி நடுவழில நிக்குதும்மா. சிக்னல் கோளாறாம். அப்பா எப்படி இருக்காரு?"

"வெளயாடிட்டு இருக்காரு."

"என்னது?"

"நீ பதறாம வா," என்று சொல்லி வைத்தாள். கை ஜில்லிட்டிருந்தது. புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். துடைத்தும் ஜில்லிப்புப் போகவில்லை. ஜெனரலைப் பார்த்து, "இன்னும் இழுக்கணும்," என்றாள்.

ஜெனரல் மேசையைக் கவலையோடு ஆராய்ந்தார். இதைவிட மோசமாகத் தோற்க அவருக்கும் இனி வழி தெரியவில்லை. "வேணும்னா... என் பீரங்கியெல்லாம் சேத்துல மாட்டிக்கிச்சுன்னு சொல்லுங்க."

"விதில அதுக்கு இடமிருக்கா?"

"இன்னிலேர்ந்து இருக்கு."

அவள் உள்ளே போனாள். ஜன்னல் வெளிச்சம் கட்டிலைவிட்டு இறங்கித் தரைக்கு வந்திருந்தது. அவருடைய நகங்கள் நீலம் பாரித்திருந்தன.  கால்மாட்டில் நின்றபடியே, "அவரு பீரங்கியெல்லாம் சேத்துல மாட்டிக்கிச்சாம்," என்றாள்.

கண்கள் மூடியிருந்தன. உதட்டோரம் மட்டும் லேசாக அசைந்தது. அது சிரிப்பு என்று அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"இது கோடைக்காலச் சண்டை," என்றார். ஒரு மூச்சு. "சேறு ஏது?"

அவள் போர்வை நுனியை இழுத்துச் சரிசெய்தாள்.

"காலைலேர்ந்து என் ஆளுங்க... ஒருத்தன்கூட ஓடல."

"தைரியசாலிங்க."

"எனக்குத் தெரியாதா அவங்கள." இன்னொரு மூச்சு வந்துசேர நேரமாயிற்று. "ஏன் பொய் சொல்றே?"

"அவ வர்றா. வண்டி நடுவுல நிக்குது. நீங்க..." கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். "எப்பவும் தோத்துக்கிட்டேதானே இருந்தீங்க? ஒருநாள் ஜெயிச்சா என்ன குறைஞ்சு போகுது?"

"தோத்ததெல்லாம் நெஜமாத் தோத்தது." கையை உயர்த்தப் பார்த்தார். போர்வைக்குமேல் அது ஒரு விரற்கடை எழும்பி விழுந்தது. "நெஜமாப் போடு. ஒரு தடவை."

வெளியே வந்தாள்.  ஜெனரல் அவள் முகத்திலேயே எல்லாவற்றையும் படித்துவிட்டார்போல. மேசையிலிருந்த பகடைகளை அவளே எடுத்துக் கோப்பையில் போட்டாள். குலுக்கினாள். அந்தச் சத்தத்தில் ஒரு கணம் உள்ளேயிருந்து எதுவும் கேட்காமல்போக, பயந்துபோய்க் கோப்பையைச் சட்டென்று பாலத்தருகே கவிழ்த்தாள்.

கவிழ்த்தவள் கையை எடுக்கவில்லை.

"தூக்குங்க, அண்ணி."

"இருங்க."

"என்ன விழுந்திருந்தாலும்..."

"இருங்கன்னு சொன்னேன்ல, தம்பி."

கோப்பையின் அடிப்பாகத்தில் அவள் முகம் நெளிந்து தெரிந்தது. உள்ளே எட்டு இருக்கலாம். பதினொன்றுகூட இருக்கலாம். பகடை அவளுக்கு என்ன விரோதியா? ஆனால் விரல்கள் கேட்கவில்லை. ஏழு இருந்தால் பாலம் போயிற்று, கோட்டை போயிற்று, ஆட்டம் முடிந்தது. ரயில் நடுவழியில் நிற்கிறது. ஜெனரலின் கையிலிருந்த குதிரைக்காரன் வியர்வையில் நனைந்திருந்தான்.

உள்ளே மூச்சு போயிற்று. வரவில்லை. வரவில்லை. வந்தது.

அவள் கோப்பையை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனாள். இந்தத் தடவை கால்மாட்டில் நிற்கவில்லை. தலைமாட்டுக்குப் போய், கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"என்ன விழுந்துச்சு?" என்று கேட்டார். குரல் இல்லை, உதடுதான் கேட்டது.

"இன்னும் பாக்கல."

"ஏன்?"

"பயமா இருக்குங்க," என்றாள். வாழ்க்கைப்பட்ட இத்தனை காலத்தில் அவரிடம் அவள் இதைச் சொன்னதில்லை. திருடன் வந்தபோதும் சொன்னதில்லை. பிரசவ வலியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோதும் சொன்னதில்லை. சொன்ன பிறகு ஒன்றும் குறைந்துவிடவுமில்லை. 

அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். செய்து முடித்த பல் வரிசையை வெளிச்சத்தில் பிடித்து, ஏதாவது பிசிறு இருக்கிறதா என்று பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"அப்ப இன்னும் நிக்கறாங்க," என்றார்.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. போர்வைமேல் தேடிக்கொண்டிருந்த விரல்களுக்கு அடியில் அவள் தன் கையைக் கொண்டுபோய் வைத்தாள். ஜில்லென்றிருந்தது அவர் கையா தன் கையா என்று தெரியவில்லை. ஒவ்வொரு இடைவெளியிலும் எழுந்து ஓடச்சொல்லிக் கால்கள் அவளை நச்சரித்தன. சமையலறையில் குழாய் சொட்டுகிறது, போய் மூடு என்றன. மகளுக்குப் போன் செய் என்றன. ஜெனரல் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, கொண்டுபோய்க் கொடு என்றன. அவள் உட்கார்ந்தே இருந்தாள். தரையிலிருந்த வெளிச்சம் சுவரோரம் போயிற்று. மூச்சு போய், வெகுநேரம் கழித்து வந்தது. இன்னொன்று போயிற்று. அவள் காத்திருந்தாள். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு மூக்கிலிருந்த குழாயை, அவருக்கு வலித்துவிடாதபடி, மெல்ல எடுத்தாள்.

மெஷினை அணைத்தபோது வீடு முழுக்கப் பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது. கூடத்தில் நாற்காலி நகர்ந்தது. ஜெனரல் அறை வாசலுக்கு வந்தார். கையில் இன்னும் அந்தக் குதிரைக்காரன் இருந்தான். "அண்ணே," என்றார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மகள் வந்துசேர்ந்தபோது அவருடைய நெற்றியில் இன்னும் சூடு கொஞ்சம் மிச்சமிருந்தது. அழுது முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கடைசில அப்பா பயந்தாராம்மா?"

"இல்ல."

"நீ?"

"வண்டில ஏதாவது சாப்பிட்டியா?" என்று கேட்டாள் அவள்.

அவரை எடுத்துப்போக நான்கு ஆட்கள் ஸ்ட்ரெச்சரோடு வந்தார்கள். வாசலில் நுழைந்ததுமே கூடத்தில் முட்டிக்கொண்டு நின்றார்கள். மூத்தவராகத் தெரிந்தவர் இடைவெளியைக் கண்ணால் அளந்துவிட்டுச் சங்கடத்தோடு சொன்னார்: "இந்த மேசை இருந்தா ஸ்ட்ரெச்சர் திரும்பாதும்மா. பொம்மைங்கள எடுத்து ஒரு பெட்டில போட்டுட்டா சாய்ச்சு வச்சுடலாம்."

மகள் முன்னால் போய்ப் பாலத்தின்மேல் கைவைத்தாள்.

"தொடாத."

அந்தக் குரலுக்கு எல்லோரும் திரும்பினார்கள். யாரையாவது அதட்டுவதற்கு வேண்டிய பலம் தன்னிடம் இன்னும் இருந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அது மேசை இல்லைங்க, கதவு," என்றார் ஜெனரல் அவசரமாக. "கீழ இருக்கற கால விட்டுட்டு அப்படியே மேல தூக்கிடலாம். தையல் மெஷின் இருக்கற ரூம்ல எறக்கிடலாம். எடம் இருக்கு." சொல்லிவிட்டு, காலையிலிருந்து வைத்திருந்த குதிரைக்காரனைச் சிவப்புப் பட்டாளத்தின் கடைசி வரிசையில், ஆற்றிலிருந்து நன்றாகத் தள்ளி வைத்தார்.

"சாயக்கூடாது," என்றாள் அவள்.

நான்கு பேரும் ஆளுக்கொரு மூலையில் போய் நின்றார்கள். அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, ஒன்றாகக் குனிந்து, ஒன்றாக நிமிர்ந்தார்கள். ஆறும் பாலமும் கோட்டையும் தரையைவிட்டு எழுந்தன. அக்கரையில் சிவப்புச் சட்டைகள் நடுங்கின. பாலத்தில் மலைக்காரர்கள் நடுங்கினார்கள். யாரும் விழவில்லை.

"இந்தக் கிண்ணத்துக்குள்ள என்னம்மா? உருளுற மாதிரி சத்தம் கேக்குதே, எடுத்துரலாமா?" என்றார் மூத்தவர்.

"ஒண்ணுமில்ல. மூடியே இருக்கட்டும்."

அவள் எழுந்து வந்து, கவிழ்ந்திருந்த கோப்பையின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள். அவர்கள் மெதுவாக, ஒரே கணக்காக அடியெடுத்து வைத்தார்கள். அவள் அவர்களோடு பக்கவாட்டில் நடந்தாள், கையை எடுக்காமல்.